பாதத்தைத் தூக்கும் மின்துடிப்பு

நாற்காலியில் உட்கார்ந்துதானே இதைப் படிக்கிறீர்கள்? ஒரு சிறு காரியம் செய்யுங்கள். குதிகாலைத் தரையில் ஊன்றியபடியே வலது பாதத்தின் முன்பகுதியை மட்டும் மேலே தூக்குங்கள். முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்புக்குச் சற்று வெளிப்புறமாகக் கையால் தொட்டுப் பாருங்கள். பாதம் எழும்போதெல்லாம் அங்கே ஒரு தசை இறுகிப் புடைக்கிறது அல்லவா? பாதத்தை இறக்கினால் அது தளர்ந்துவிடும். இனி விரலை இன்னும் கொஞ்சம் வெளிப்பக்கமாக நகர்த்துங்கள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே உருண்டையான ஓர் எலும்பு முனை தட்டுப்படும். அந்த முனையைச் சுற்றி வளைந்து, தோலுக்கு மிக அருகில் ஒரு நரம்பு போகிறது. சற்று முன் இறுகிய தசைக்குக் கட்டளை கொண்டு சென்றது அந்த நரம்புதான். இந்த இடத்தை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். இக்கட்டுரையில் நாம் பேசப் போகும் மின்சாரம் அங்கேதான் நுழையப் போகிறது.

நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் இந்தத் தசை வேலை செய்கிறது. காலை முன்னால் வீசும்போது பாதத்தின் நுனி தரையில் உரசாமல் செல்ல வேண்டும். அது மிக உயரத்தில் செல்வதாக எண்ணிவிடாதீர்கள். வீச்சின் நடுவே கட்டைவிரலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர்தான். ஒரு விரற்கடை என்று சொல்லலாம். நாம் அதைப் பற்றி ஒரு நாளும் நினைப்பதில்லை. ஆனால் அந்த விரற்கடை போய்விட்டால் நடையே போய்விடுகிறது.

பக்கவாதம் வந்து பிழைத்தவர்கள் சிலர் நடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கத்துப் பாதம் தொங்குகிறது. அது தரையில் இடறாமலிருக்க, காலை நேராக வீசாமல் அரைவட்டமாகச் சுழற்றி வைக்கிறார்கள். ஒரு செருப்பின் முனை மட்டும் தேய்ந்து போயிருக்கும். வாசற்படி, மிதியடி, தெருவில் கிடக்கும் சிறு கல் எல்லாமே அவர்களுக்கு ஆபத்து. இதை மருத்துவர்கள் பாதத் தொய்வு என்கிறார்கள். தொங்கும் அந்தப் பாதத்தை, சரியான கணத்தில் கொடுக்கும் ஒரு சிறு மின்துடிப்பால் தூக்கிவிட முடியும். எப்படி என்று பார்ப்போம்.

எங்கே அறுபட்டது?

பக்கவாதம் என்பது காலில் வரும் நோயன்று, மூளையில் வருவது. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் ஒன்று அடைபடுகிறது, அல்லது வெடித்து இரத்தம் கசிகிறது. அந்தக் குழாயை நம்பியிருந்த நரம்புச் செல்கள் சில நிமிடங்களிலேயே மடியத் தொடங்குகின்றன. மூளையிலிருந்து இறங்கும் கட்டளைப் பாதைகளில் பெரும்பாலானவை முகுளத்தில் பக்கம் மாறிச் செல்வதால், இடப்பக்க மூளை பழுதானால் வலக்கையும் வலக்காலும் செயலிழக்கின்றன.

கட்டளைப் பாதையில் இரண்டு பகுதிகள் உள்ளன. முதற்பகுதி மூளையிலிருந்து தண்டுவடம் வரை. இரண்டாம் பகுதி தண்டுவடத்திலிருந்து தசை வரை. பக்கவாதத்தில் கெடுவது முதற்பகுதி மட்டுமே. தண்டுவடத்தில் உள்ள நரம்புச் செல், அதிலிருந்து முதுகின் அடிப்பகுதி, தொடை, முழங்கால் வழியாக இறங்கும் நரம்பு, அது சேரும் தசை எல்லாம் நல்ல நிலையிலேயே இருக்கின்றன. வீட்டில் பல்பு நன்றாக இருக்கிறது, கம்பியும் நன்றாக இருக்கிறது, சுவிட்சைப் போட வேண்டிய ஆள்தான் இல்லை என்பது போன்ற நிலை இது.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், எல்லாக் கால் முடக்கமும் இப்படிப்பட்டதன்று. போலியோவை எடுத்துக் கொள்ளுங்கள். இந்தியா போலியோ இல்லாத நாடு என்று 2014இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன்பு அந்நோய்க்குக் காலைப் பறிகொடுத்தவர்கள் நம்மிடையே பலர் வாழ்கிறார்கள். போலியோ கிருமி அழிப்பது தண்டுவடத்துச் செல்லையே. அதாவது இரண்டாம் பகுதியின் கம்பியே போய்விடுகிறது. அங்கே நாம் சொல்லப் போகும் கருவியால் பயனில்லை. ஒரே மாதிரி தொங்கும் இரண்டு பாதங்கள்; ஒன்றை மின்துடிப்பு தூக்கும், மற்றதைத் தூக்காது.

தவளையிடம் கற்ற பாடம்

மூளையின் கட்டளை இல்லாமலே ஒரு கால் அசையும் என்பது புதிய செய்தியன்று. இத்தாலியில் போலோன்யா நகரத்தில் லூயிகி கால்வானி என்ற உடற்கூறு பேராசிரியர் 1780களில் தவளைக் கால்களை வைத்துச் சோதனைகள் செய்தார். உடலிலிருந்து வெட்டி எடுத்த கால்; அதற்கு மூளை ஏது? இருந்தும் நரம்பில் மின்பொறி பட்டதும் அது உயிருள்ளது போல் உதைத்தது. 1791இல் அவர் தம் முடிவுகளை வெளியிட்டார். இரண்டு வெவ்வேறு உலோகங்கள் நரம்பையும் தசையையும் தொட்டாலும் கால் துடிப்பதைக் கண்டு, மின்சாரம் விலங்கின் உடலிலேயே இருக்கிறது என்றார் அவர். இல்லை, இரண்டு உலோகங்களின் சேர்க்கையில்தான் அது பிறக்கிறது என்றார் பவியா நகரத்து வோல்டா. அந்த வாதத்தின் விளைவாக 1800இல் வோல்டாவின் மின்கல அடுக்கு பிறந்தது. இன்று திரும்பிப் பார்த்தால் இருவரும் ஆளுக்குப் பாதி சரியாகச் சொன்னார்கள் என்றே தோன்றுகிறது. அந்தக் குறிப்பிட்ட சோதனையில் வோல்டா சொன்னது சரி. நரம்பு மின்னியல் முறையில்தான் இயங்குகிறது என்ற பெரிய விஷயத்தில் கால்வானி சொன்னது சரி.

பிரான்சில் டூஷேன் என்ற மருத்துவர் ஈரப்படுத்திய மின்முனைகளைத் தோலின் மேலேயே வைத்து, ஒவ்வொரு தசையாகத் தூண்டிப் பார்த்து, 1855இல் ஒரு நூல் எழுதினார். ஊசியால் குத்தாமலே உள்ளே இருக்கும் தசையை இயக்கலாம் என்பது அவர் காட்டிய வழி. அதே காலத்தில் எல்லா நோயையும் தீர்க்கும் என்று சொல்லி மின்சாரச் சங்கிலிகளும் இடுப்புப் பட்டைகளும் ஐரோப்பாவில் அமோகமாக விற்பனையாயின. அந்த வியாபாரத்தால் மின்சார மருத்துவத்துக்கே கெட்ட பெயர் வந்தது. அந்தச் சந்தேகம் இன்றும் முழுவதும் தீரவில்லை; அது ஓரளவு இருப்பது நல்லதும்கூட.

ஓட்டைக் குடம்

இப்போது நம் பாடப் புத்தகத்துக்கு வருவோம். தோலின் மேல் வைத்த மின்முனை, உள்ளே இருக்கும் நரம்பை எப்படி எழுப்புகிறது?

முதலில் சொல் பற்றி ஓர் எச்சரிக்கை. இங்கே மின் தூண்டல் என்று நான் சொல்வது, பாரடே கண்டுபிடித்ததாக நீங்கள் படிக்கும் மின்காந்தத் தூண்டலன்று. தூங்குபவரைத் தட்டி எழுப்புவது போல் நரம்பைத் தட்டி எழுப்புவதையே இங்கு தூண்டல் என்கிறோம்.

நரம்பு இழையைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதன் தடிமன் ஏறக்குறைய 7 நானோ மீட்டர். ஓய்வில் இருக்கும்போது சவ்வின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லி வோல்ட் குறைந்த மின்னழுத்தத்தில் இருக்கும். எழுபது மில்லி வோல்ட் என்ன பிரமாதம் என்கிறீர்களா? மின்னழுத்தத்தைத் தொலைவால் வகுத்துப் பாருங்கள். 0.07 வோல்ட்டை 0.000000007 மீட்டரால் வகுத்தால் மீட்டருக்கு 1 கோடி வோல்ட் கிடைக்கும்! மீட்டருக்கு ஏறக்குறைய 30 லட்சம் வோல்ட் வந்தாலே காற்று தாக்குப் பிடிக்காமல் பொறி பறக்கிறது. அதைப் போல் மூன்று மடங்கு மின்புலத்தை நம் ஒவ்வொரு நரம்பின் சவ்வும் சத்தமில்லாமல் தாங்கிக் கொண்டிருக்கிறது.

இரு புறமும் மின்னூட்டம், நடுவே மெல்லிய காப்புப் பொருள். இது ஒரு மின்தேக்கிதான் என்பது உங்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும். ஆனால் கசியும் மின்தேக்கி. சவ்வில் அயனிகள் புகும் வழிகள் உண்டு.

எதிர்மின்முனையை அந்த எலும்பு முனைக்கு அருகில் தோலின் மேல் வைத்து மின்னோட்டம் செலுத்தினால், அதன் கீழே உள்ள நரம்பின் வெளிப்புறம் மேலும் எதிர்மின் தன்மை அடைகிறது. அதனால் உள்ளுக்கும் வெளிக்கும் இருந்த வேறுபாடு குறைகிறது. 70 மில்லி வோல்ட் என்பது 55 அளவுக்கு இறங்கியதும் சவ்வில் உள்ள சோடியம் வழிகள் மளமளவென்று திறந்து கொள்கின்றன. அதற்குப் பிறகு நம் மின்னோட்டம் தேவையே இல்லை. பட்டாசுத் திரியில் நெருப்பு ஓடுவது போல், நரம்பு தன் சொந்தச் சக்தியிலேயே துடிப்பை எடுத்துச் செல்கிறது. நொடிக்குச் சுமார் 50 மீட்டர் வேகம். முழங்காலிலிருந்து தசைக்கு 20 சென்டிமீட்டர் என்று கொண்டால் ஆயிரத்தில் நான்கு நொடியில் செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

கசிகின்ற மின்தேக்கி என்பதால் ஒரு விந்தை ஏற்படுகிறது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்புவதாக எண்ணிக் கொள்ளுங்கள். மெல்லிய தாரையாக ஊற்றினால் எவ்வளவு நேரம் ஊற்றினாலும் குடம் நிரம்பாது. ஊற்றுவதும் ஒழுகுவதும் சரியாகப் போய்விடும். ஒரே வீச்சில் கொட்டினால் ஒழுக நேரமின்றி நிரம்பிவிடும். நரம்பும் அப்படியே. குறைந்த மின்னோட்டத்தை எத்தனை நேரம் செலுத்தினாலும் அது எழாது. வலிமையான மின்னோட்டமானால் மிகக் குறைந்த நேரமே போதும். எத்தனை வலிமைக்கு எத்தனை நேரம் வேண்டும் என்பதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு அறிஞர் லூயி லாப்பிக் அளந்து கணக்கிட்டார். நரம்புக்கு ஆயிரத்தில் ஒரு நொடிக்கும் குறைவான துடிப்பு போதும். நரம்பை இழந்த தசையை நேரடியாகத் தூண்டுவதானால் அதைப் போல் பல மடங்கு நீண்ட துடிப்பு வேண்டும். போலியோ பாதித்த காலில் இக்கருவி ஏன் தோற்கிறது என்பதற்கு இதோ இயற்பியல் விடை. இக்கருவி தூண்டுவது தசையையன்று, நரம்பை.

ஒரு கணக்குப் போடுவோம். துடிப்பு ஒன்றுக்கு 40 மில்லி ஆம்பியர். நீளம் 300 மைக்ரோ நொடி. நொடிக்கு 40 துடிப்புகள். இந்த வேலைக்கு வழக்கமான அளவுகள் இவை. ஒரு துடிப்பில் பாயும் மின்னூட்டம் 12 மைக்ரோ கூலும். நொடிக்கு நாற்பது முறை என்றால் 480 மைக்ரோ கூலும். அதாவது சராசரி மின்னோட்டம் அரை மில்லி ஆம்பியருக்கும் குறைவு! நொடியின் 100இல் 1.2 பங்கு நேரமே மின்சாரம் பாய்கிறது. மீதி நேரமெல்லாம் ஓய்வு. தோலும் உடலும் சேர்ந்து 1000 ஓம் தடை என்று வைத்துக் கொண்டால் துடிப்பின்போது 40 வோல்ட் வேண்டும். சராசரித் திறனைக் கணக்கிட்டால் 20 மில்லி வாட்கூட ஆகாது. ஒரு சிறிய 9 வோல்ட் மின்கலம் இதற்குப் போதும். 9 வோல்ட் எப்படி 40 வோல்ட் ஆகும் என்று கேட்பவர்களுக்கு: டிரான்சிஸ்டரால் மின்னோட்டத்தை வெட்டி வெட்டி விட்டு, ஒரு சிறு மின்மாற்றி வழியாக உயர்த்தலாம்.

இன்னொன்றும் உண்டு. ஒரே திசையில் மின்னோட்டம் பாய்ந்து கொண்டே இருந்தால் மின்முனைக்கு அடியில் மின்னாற்பகுப்பு நிகழ்ந்து தோல் புண்ணாகிவிடும். ஆகவே ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் அதே அளவு மின்னூட்டத்தை எதிர்த்திசையில் திருப்பி அனுப்பி, கணக்கை நேர் செய்துவிடுகிறார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வீட்டு மின்சாரத்தை வைத்து யாரும் இதைச் செய்து பார்க்கத் துணியக் கூடாது. வீட்டுக்கு வருவது 230 வோல்ட். அதன் ஒவ்வோர் அரைச் சுற்றும் 10 மில்லி நொடி நீளம். நம் துடிப்பைப் போல் முப்பது மடங்குக்கும் மேல். அது இதயத் தசையையும் தூண்டப் போதுமான நேரம். கையில் நுழைந்து காலில் வெளியேறும்போது வழியில் இருப்பது இதயம். மருத்துவக் கருவியின் இரண்டு மின்முனைகளோ முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கின்றன. மின்னோட்டம் அங்கேயே நுழைந்து அங்கேயே வெளியேறுகிறது. அப்படியிருந்தும் இதயத்தில் வேகச் சீராக்கி பொருத்தியவர்களுக்கு மருத்துவர் யோசித்துத்தான் இதைத் தருவார்.

குதிகாலில் ஒரு சுவிட்ச்

நரம்பைத் தூண்டும் வித்தை பழையது என்றால், பக்கவாதக்காரரை நடக்க வைக்க 1960கள் வரை ஏன் காத்திருக்க வேண்டியிருந்தது? தசையை இறுகச் செய்வது மட்டும் நடையாகாது. எப்போது இறுக வேண்டும், எப்போது தளர வேண்டும் என்பதே நடை. பாதம் தரையில் இருக்கும்போது அந்தத் தசை இறுகினால் உடல் முன்னே சாய்வதற்குத் தடையாகும். கால் வீச்சில் இருக்கும் அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் மட்டும் அது வேலை செய்ய வேண்டும்.

அமெரிக்காவில் விளாடிமிர் லிபர்சன் என்ற மருத்துவரும் அவருடைய துணைவர்களும் 1961இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு ஓர் எளிய வழி கண்டார்கள். நோயாளியின் செருப்பில் குதிகாலுக்கு அடியில் ஒரு சுவிட்ச். குதிகால் தரையை விட்டு எழுந்ததும் கருவி துடிப்புகளை அனுப்பத் தொடங்கும், பாதம் நிமிரும், கால் வீசப்படும், குதிகால் மீண்டும் தரையைத் தொட்டதும் துடிப்பு நிற்கும். மூளை கொடுக்க வேண்டிய நேரக் கணக்கை நோயாளியின் சொந்தக் காலே கொடுத்துவிடுகிறது! டிரான்சிஸ்டர் வந்துவிட்ட காலமாதலால் கருவியை உடலில் அணிந்தே நடக்கவும் முடிந்தது. எனக்கு இந்தக் கட்டுரையில் மிகவும் பிடித்த பகுதி இந்தச் சுவிட்சுதான். இத்தனை பெரிய சிக்கலுக்கு, அழைப்பு மணிக்கு வைப்பது போன்ற ஒரு சுவிட்ச்!

அடுத்த ஆண்டே இந்த முறைக்குச் செயல்சார் மின் தூண்டல் என்ற பெயர் சூட்டப்பட்டது. யூகோஸ்லாவியாவில் அப்போது இருந்த, இன்று ஸ்லொவேனியாவின் தலைநகரான லியுப்லியானாவில் வோடோவ்னிக் என்ற பொறியியல் பேராசிரியரும் மருத்துவர்களும் சேர்ந்து இத்தகைய கருவிகளைச் செம்மைப்படுத்தினார்கள். இங்கிலாந்தில் சாலிஸ்பரி மருத்துவமனையில் உருவான ஓட்ஸ்டாக் கருவி பிற்காலத்தில் பரவலாகப் பயன்பட்டது. கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக் கழகத்தார் குதிகால் சுவிட்சையும் நீக்கிவிட்டு, கணைக்கால் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை உணரும் ஓர் உணரியை வைத்தார்கள். கால் பின்னால் சாய்ந்தால் தொடங்கு, முன்னால் சாய்ந்தால் நிறுத்து என்பது அதன் கணக்கு. செருப்பில்லாமலும் நடக்கலாம் என்பது அதன் நன்மை.

நுணுக்கங்கள் பல உண்டு. துடிப்பை முழு வலிமையுடன் திடீரென்று கொடுத்தால் எதிர்ப்புறத்து ஆடுசதை வெடுக்கென்று இழுபட்டு, பதிலுக்குத் தானும் இறுகிக் கொள்ளும். பக்கவாதத்தில் அத்தசை ஏற்கெனவே விறைத்திருக்கும். ஆகவே துடிப்பின் வலிமையைச் சிறிது சிறிதாக ஏற்றுகிறார்கள். குதிகால் தரையைத் தொட்ட மறுகணமே நிறுத்தினாலும் ஆகாது. பாதம் 'தொப்'பென்று தரையில் அறையும். சற்று நேரம் நீட்டித்துப் பிறகு தளர்த்த வேண்டும்.

மின்முனை வைக்கும் இடமும் அப்படித்தான். அந்த எலும்பு முனையருகே ஓடும் நரம்பில், பாதத்தை உட்புறம் திருப்பித் தூக்கும் இழைகளும் உண்டு. வெளிப்புறம் திருப்பும் இழைகளும் உண்டு. மின்முனையை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினாலே பாதம் கோணிக் கொள்ளும். முதல் நாள் நோயாளியை உட்கார வைத்து, மின்முனையை மெல்ல மெல்ல நகர்த்தி, பாதம் நேராக எழும் இடத்தைக் கண்டுபிடிக்கப் பயிற்சியாளர் படும் பாடு கொஞ்சமன்று.

தசை ஏன் களைக்கிறது?

மூளை தன் விருப்பப்படி ஒரு தசையை இயக்கும்போது அதிலுள்ள எல்லா இழைகளையும் ஒரே நேரத்தில் வேலை வாங்குவதில்லை. தேர் இழுக்கும்போது வடம் பிடித்தவர்கள் சிலர் இழுக்க, சிலர் மூச்சு வாங்குவார்கள். பிறகு அவர்கள் இழுப்பார்கள். தேர் மட்டும் நிற்காமல் போகும். தசையிலும் இப்படி முறை மாறி வேலை நடக்கிறது. அதிலும் மெலிந்த, எளிதில் களைக்காத இழைகளை மூளை முதலில் கூப்பிடுகிறது. தடித்த, வலிமையான, ஆனால் சீக்கிரம் களைக்கும் இழைகளைக் கடைசியில்தான் அழைக்கும்.

மின்துடிப்புக்கு இந்தப் பக்குவம் தெரியாது. வெளியிலிருந்து வரும் மின்னோட்டத்துக்குத் தடித்த நரம்பு இழைகளே எளிதில் மசியும். எனவே களைத்துப் போகும் தசை இழைகள் முதலில் எழுகின்றன. எழுபவை அனைத்தும் ஒரே தாளத்தில் இழுக்கின்றன. முறை மாற்றம் கிடையாது. நொடிக்கு நாற்பது துடிப்பைத் தொடர்ந்து கொடுத்தால் தசை விரைவில் சோர்ந்துவிடும். நல்லவேளையாக நடையில் வீச்சு நேரம் மட்டுமே தூண்டுகிறோம். மீதி நேரம் தசைக்கு ஓய்வு. அதனால்தான் இக்கருவி பாதத் தொய்வில் வெற்றி பெற்றது. நிற்கும் நேரமெல்லாம் உடலைத் தாங்க வேண்டிய தொடைத் தசைகளில் இதே முறையைக் கொண்டு செல்வது மிகவும் கடினமாக இருக்கிறது.

கருவியைக் கழற்றிய பிறகு

இனி முக்கியமான கேள்வி. இக்கருவி மூக்குக் கண்ணாடி போன்றதா, மருந்து போன்றதா? கண்ணாடியைப் போட்டால் எழுத்து தெரியும். கழற்றினால் பழையபடி மங்கும். மருந்தோ நோயையே குணமாக்கும். ஒரு குடும்பத்துக்கு இந்த வேறுபாடு சிறியதன்று. ஆயுள் முழுவதும் அணிய வேண்டுமா, சில மாதங்கள் அணிந்தால் போதுமா என்பதே கேள்வி.

லிபர்சன் தம் நோயாளிகளில் சிலர் கருவியை நிறுத்திய பிறகும் சிறிது நேரம் தாமாகவே பாதத்தைத் தூக்கியதைக் கவனித்து எழுதியிருந்தார். அது தற்செயலா? 1997இல் இங்கிலாந்தில் பக்கவாதம் வந்து ஆறு மாதங்களுக்கு மேலான 32 பேரை இரு பிரிவாக்கினார்கள். இரு பிரிவுக்கும் உடற்பயிற்சி. ஒரு பிரிவுக்கு மட்டும் கருவியும். மூன்று மாத முடிவில் கருவி அணிந்தவர்களின் நடை வேகம் 20.5 விழுக்காடு கூடியிருந்தது, மற்றவர்களுக்கு 5.2 விழுக்காடுதான். ஆனால் கருவியை நிறுத்திவிட்டு அளந்தபோது அந்த முன்னேற்றம் காணப்படவில்லை. அப்படியானால் மூக்குக் கண்ணாடிதான்!

அவசரப்பட வேண்டாம். 1999இல் சாலிஸ்பரி மருத்துவர்கள் தங்களிடம் கருவி பெற்று நான்கரை மாதங்கள் பயன்படுத்தியவர்களின் அளவுகளை வெளியிட்டார்கள். பக்கவாதக்காரர்களுக்குக் கருவியுடன் 27 விழுக்காடு வேகம் கூடியிருந்தது. கருவி இல்லாமலும் 14 விழுக்காடு கூடியிருந்தது. இரண்டில் எதை நம்புவது? ஒன்றைக் கவனியுங்கள். இரண்டாவது ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு பிரிவு இல்லை. தினமும் அதிகம் நடந்த பழக்கத்தாலேயே அந்த 14 விழுக்காடு வந்திருக்கக் கூடும். கருவி கொடுத்த துணிவால் நடந்தார்கள், நடந்ததால் தேறினார்கள் என்றாலும் அது நல்லதுதானே என்று நோயாளி கேட்பார். அவர் கேட்பதில் தவறில்லை. ஆனால் காரணம் எது என்று தேடுபவருக்கு இரண்டும் ஒன்றாகிவிடாது.

மூளையின் பக்கம் உண்மையாகவே ஏதாவது மாறக் கூடுமா? இதற்கு டேவிட் ரஷ்டன் என்பவர் 2003இல் ஓர் அழகிய கருதுகோள் சொன்னார். நரம்பின் நடுவில் ஒரு துடிப்பை எழுப்பினால் அது ஒரு திசையில் மட்டும் போகாது. திரியை நடுவில் பற்ற வைத்தால் இரு புறமும் எரிவது போல், ஒன்று கீழே தசைக்கும் மற்றொன்று மேலே தண்டுவடத்துக்கும் ஓடும். மேலே போன துடிப்பு தண்டுவடச் செல்லைச் சென்றடைகிறது. அதே கணத்தில் நோயாளியும் பாதத்தைத் தூக்க முயன்றால், மூளையில் பிழைத்திருக்கும் சில பாதைகள் வழியாக வரும் பலவீனமான கட்டளையும் அதே செல்லை வந்து தட்டுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நேர்வது தொடர்ந்தால் அந்த இணைப்பு வலுப்பெறலாம். சேர்ந்து துடிக்கும் செல்களின் இணைப்பு உறுதிப்படும் என்று கனடா நாட்டு உளவியலாளர் ஹெப் 1949இல் சொன்ன கருத்தின் நீட்சி இது. ரஷ்டன் சொன்னது மெய்யானால் நோயாளி சும்மா இருக்க, கருவி மட்டும் தூண்டினால் பலன் குறைவு. தாமும் முயல வேண்டும். பயிற்சியாளர்கள் இன்றும், "கருவி தூக்கும்போது நீங்களும் தூக்குங்கள்" என்று சொல்வதைக் கேட்கலாம்.

வேகத்துடன் இன்னோர் அளவையும் இந்த ஆய்வுகளில் எடுத்தார்கள். அதை நீங்களும் எடுக்கலாம், மின்சாரமே தேவையில்லை. ஓய்வாக இருக்கும்போது நாடித் துடிப்பை ஒரு நிமிடம் எண்ணுங்கள். பிறகு பள்ளி மைதானத்தில் சில நிமிடங்கள் சீராக நடந்து, நின்றவுடன் மீண்டும் எண்ணுங்கள். இரண்டின் வேறுபாட்டை, நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் நடந்தீர்களோ அதனால் வகுத்துவிடுங்கள். ஓய்வில் 72, நடையில் 100, வேகம் 75 மீட்டர் என்றால் 28ஐ 75ஆல் வகுக்க ஏறக்குறைய 0.37. ஒவ்வொரு மீட்டர் நடைக்கும் உங்கள் இதயம் கொடுக்கும் கூடுதல் விலை அது. பிறகு ஒரு காலைச் சுழற்றிச் சுழற்றி வைத்து அதே தூரம் நடந்து எண்ணிப் பாருங்கள். பாதத் தொய்வு உள்ளவர் தெருக்கோடி வரை போய் வருவதற்குள் ஏன் களைத்து உட்கார்ந்துவிடுகிறார் என்பது அப்போது புரியும். 1997ஆம் ஆண்டு ஆய்வில் கருவி அணிந்தவர்களுக்கு இந்த விலை ஏறக்குறைய கால் பங்கு குறைந்திருந்தது.

கருவி சிறந்ததா, கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும் பழைய பிளாஸ்டிக் பட்டை சிறந்ததா என்றும் ஒரு வழக்கு உண்டு. அமெரிக்காவில் 2013இல் 197 பேரிடமும் 2014இல் 495 பேரிடமும் செய்த ஆய்வுகளில், நடை வேகத்தைப் பொறுத்தவரை கருவி பட்டையை வெல்லவில்லை; தோற்கவும் இல்லை. முதல் ஆய்வில், கருவி அணிந்தவர்களுக்கு மனநிறைவு கூடுதலாக இருந்தது. பட்டையின் விலை குறைவு. அதற்கு மின்கலமும் வேண்டாம். விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை என்பதால் நான் சொல்லி வைக்கிறேன். பிரிட்டனில் மருத்துவ முறைகளை மதிப்பிட்டு வழிகாட்டும் தேசிய நிறுவனம் 2009இல் இம்முறையைப் பாதுகாப்பானது, நடைக்குப் பயன் தருவது என்று ஏற்றுக் கொண்டது.

நாள்தோறும் காலையில் எழுந்ததும் மின்முனைகளைச் சரியான இடத்தில் ஒட்டுவது ஒரு கை மட்டுமே இயங்கும் ஒருவருக்கு எளிதன்று. பக்கவாதம் பெரும்பாலும் கையையும் விட்டு வைப்பதில்லையே! வியர்த்தால் ஒட்டும் பசை நழுவும். சிலருக்குத் தோல் தடிக்கும். இதைத் தவிர்க்க மின்முனைகளை அறுவை மருத்துவத்தால் நரம்பின் மேலேயே பொருத்தி வைக்கும் முறையும் வந்திருக்கிறது. உள்ளே இருக்கும் மின்முனைக்குத் தோலைத் துளைத்துக் கம்பி விட முடியாது. கிருமிகளுக்கு அது திறந்த வாசல். ஆகவே தோலுக்கு வெளியே ஒரு சுருள், உள்ளே ஒரு சுருள். வெளிச் சுருளில் மாறு மின்னோட்டம் பாய்ந்தால் உள்ளே இருக்கும் சுருளில் மின்னியக்கு விசை தோன்றும். நான் மேலே விலக்கி வைத்த, பாரடே 1831இல் கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இது! நரம்பு தோலுக்கு அடியில் கிடக்க, உள்ளே மின்கலமும் இல்லாமல் கம்பியும் இல்லாமல், வெளிச் சுருள் அனுப்பும் ஆற்றலில் அது ஒவ்வோர் அடிக்கும் எழுந்து பாதத்தை ஒரு விரற்கடை தூக்கிவிட்டு ஓய்கிறது.